ஜப்பானியப் பெயர்களில் கான்ஜி: எப்படிப் படிப்பது, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை எப்படிப் பிரித்தறிவது?

சைத்தாமா செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில், சைத்தாமா மாகாணத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித்திறன் தேர்வு) என்3 நிலையில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். பணிக்குறிப்பு எழுதுவதையும் குடும்பத்தாரிடம் பேசுவதையும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். கான்ஜியில் (சீனாவிலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்) எழுதிய பெயர்கள் மட்டும் பிடிபட மறுக்கின்றன.

குடும்பப் பெயரைப் பெரும்பாலும் படித்துவிடலாம். எங்கள் இல்லத்தில் சுஸுகிகளும் சதோக்களும் பலர் இருப்பதால் சொந்தப் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான். ஒரு பாட்டியின் பெயர் யூகோ. அடுத்த அறைப் பாட்டியின் பெயர் ஹிரோகோ. கதவில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றே! இது எப்படி?

இதற்கு நேர்மாறாக, மசாமி என்ற பெயரில் இரண்டு தாத்தாக்கள் இருக்கிறார்கள். உச்சரிப்பில் வேறுபாடு இல்லை. எழுத்தில் மட்டும், கடைசி எழுத்தின் ஓரத்தில், ஒரே ஒரு கோடு சற்று மேலே போகிறது. மருந்து அட்டையில் எழுதும்போது எது யாருடையது என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கேள்விகள் இரண்டு. பெயரில் வரும் கான்ஜியைப் படிக்க ஏதாவது முறை உண்டா? ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளைக் கண் எப்படிப் பழக வேண்டும்?

கான்ஜி எழுத்துகள் இங்கே பலருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்பதால் எழுத்தைத் தட்டாமல் சொல்லாலேயே விவரித்தால் நல்லது.

---

ஒசாகா குமரன் எழுதியது:

வணக்கம் செல்வி. முதல் கேள்விக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: கேளுங்கள். "பெயரை எப்படிப் படிக்க வேண்டும்?" என்று கேட்பது ஜப்பானில் குறையே இல்லை. ஜப்பானியரே ஒருவரை ஒருவர் நாள்தோறும் கேட்டுக்கொள்கிறார்கள். வங்கி, மருத்துவமனை, பள்ளி என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு மேலே ஃபுரிகானாவுக்கு (வாசிப்பைக் காட்டும் ஒலியெழுத்து) ஒரு கட்டம் இருப்பதன் காரணமே இதுதான். உங்கள் இல்லத்தின் சேர்க்கைப் படிவத்திலும் கட்டாயம் இருக்கும். அதுதான் முதல் ஆதாரம்.

யூகோ, ஹிரோகோ இரண்டுக்கும் ஒரே எழுத்து வருவது மிகச் சாதாரணம். "தாராளம், வளம்" என்ற பொருளுள்ள அந்த முதல் எழுத்துக்குச் சீன வழி ஒலி யூ. பெயர்களில் அதற்கு ஹிரோ என்ற வாசிப்பும் உண்டு. ஷோவா பேரரசர் ஹிரோஹிதோவின் பெயரில் வரும் ஹிரோ இதே எழுத்துதான். இதுபோல் மகிழ்ச்சியைக் குறிக்கும் எழுத்தோடு "கோ" சேர்ந்தால் சச்சிகோவாகவும் இருக்கலாம், யுகிகோவாகவும் இருக்கலாம். தூய்மையைக் குறிக்கும் எழுத்தோடு சேர்ந்தால் ஜுன்கோ அல்லது சுமிகோ.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது எழுத்தான "கோ" அசையவே இல்லை. பெயரின் கடைசி எழுத்து பெரும்பாலும் இப்படி நிலையாக நிற்கும். பெண்களின் பெயரில் கோ, மி, எ, யோ. ஆண்களின் பெயரில் ஓ, ரோ, இச்சி, சுகே, யுகி, ஹிகோ. ஆக, கடைசியைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் ஊகித்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் இல்லத்தில் இருப்பவர்களின் தலைமுறைக்கு இது மிக நன்றாகப் பொருந்தும்.

---

கல்லெழுத்து எழுதியது:

குமரன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் "கேளுங்கள்" என்பதோடு நின்றுவிடக் கூடாது. பெயரில் மட்டும் வரும் இந்த வாசிப்புகளுக்கு நனோரி என்று பெயர். அகராதியின் பதிவில் சீன வழி ஒலி, ஜப்பானிய வழி ஒலி இரண்டுக்கும் பிறகு தனியாகக் கொடுத்திருப்பார்கள். பலர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

நனோரி குருட்டுத்தனமானது அல்ல. அதற்கு வரலாறு உண்டு. போர்வீரர் குலங்களில் ஒரே எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெயரில் வைப்பது வழக்கம். தொகுகாவா குலத்தில் "இயே": இயேயாசு, இயேமித்சு. ஓதா குலத்தில் "நொபு": நொபுநாகாவும் அவருடைய தந்தை நொபுஹிதேயும். வீட்டைக் குறிக்கும் எழுத்து இயே, நம்பிக்கையைக் குறிக்கும் எழுத்து நொபு, ஒளியைக் குறிக்கும் எழுத்து மித்சு, நலத்தைக் குறிக்கும் எழுத்து யாசு. இந்த வாசிப்புகள் அங்கிருந்து இன்றுவரை வழக்கில் இருக்கின்றன. யாசுகோ, மித்சுஓ, நொபுயுகி என்று உங்கள் இல்லத்துப் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்கள்.

அரச குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பேரரசர் நருஹிதோ. "அறம்" என்னும் பொருள் தரும் அவருடைய முதல் எழுத்தைச் சாதாரணமாகத் தொகு என்று படிப்பார்கள், பெயரில் நோரி என்றும் படிப்பார்கள். நரு என்பது மிக அரிது. 2006-இல் பிறந்த இளவரசர் ஹிசாஹிதோவின் முதல் எழுத்தும் அப்படித்தான். பெயர்களில் யூ என்றோ ஹருகா என்றோ வருகிற எழுத்து அங்கே ஹிசா ஆகிறது. இருவர் பெயரிலும் இரண்டாவதாக வருவது "அன்பு, ஈரம்" என்ற பொருளுள்ள எழுத்து. அதன் சீன வழி ஒலி ஜின், அரச குடும்பத்து ஆண்களின் பெயர்களில் ஹிதோ. செய்தி வாசிப்பவருக்கும் இவை தெரிந்திருப்பது பெயர் தெரிந்திருப்பதால்தான், எழுத்து தெரிந்திருப்பதால் அல்ல.

இன்னொரு வழக்கமும் உண்டு. புகழ்பெற்ற ஒருவரின் பெயரைச் சீன வழி ஒலியில் படிப்பது மரியாதை. 1867-இல் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்த கடைசி ஷோகன் (படைத்தலைவராக நாட்டை ஆண்டவர்) தொகுகாவா யொஷிநொபு. அவரைக் கெய்கி என்றே பலர் அழைத்தார்கள். எழுத்து ஒன்றுதான். 1918-இல் பிரதமரான ஹரா தகாஷியை ஹரா கெய் என்பார்கள். அதிலும் எழுத்து மாறவில்லை. ஒரு மனிதருக்கே இரண்டு வாசிப்பு என்னும்போது இரண்டு பாட்டிகளுக்கு இருப்பதில் வியப்பென்ன?

---

சைத்தாமா செல்வி எழுதியது:

குமரன் அண்ணா, கல்லெழுத்து ஐயா, இருவருக்கும் நன்றி. கடைசி எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் உத்தி உடனே பயன்பட்டது. மசாமி எழுத்துச் சிக்கலுக்கு யாராவது வழி சொல்லுங்களேன். அந்தக் கடைசி எழுத்து நம் எண் 2 போலவும் இல்லாமல் 5 போலவும் இல்லாமல், மடிந்து மடிந்து போய்க் கீழே வலப்பக்கம் கொக்கியாக முடிகிறது.

---

தூரிகை எழுதியது:

செல்வி, நான் ஷோதோ (தூரிகை எழுத்துக்கலை) கற்றுக்கொண்டிருப்பவள். நீங்கள் சொல்வது புகழ்பெற்ற மூவர் கூட்டம். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளையும் படுத்தி எடுப்பது.

மூன்றும் மூன்றே கோடுகளில் எழுதப்படுபவை. முதல் கோடு மேலே வலப்பக்கம் போய்க் கீழே மடியும். இரண்டாவது கோடு நடுவில் படுக்கையாக வரும். மூன்றாவது கோடு இடப்பக்கம் இறங்கிக் கீழே வளைந்து கொக்கியாக முடியும். எல்லாமே அந்த மூன்றாவது கோடு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

நடுப் படுக்கைக் கோட்டின் மட்டத்திலேயே தொடங்கினால், மேல் பாதி இடப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். அது "தான், தன்னை" என்னும் எழுத்து. கி, கோ, ஒனோரே என்று படிப்பார்கள்.

நடுக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே தொடங்கி, உச்சியைத் தொடாமல் நின்றால், பாதி மூடியிருக்கும். அது "ஏற்கெனவே" என்னும் எழுத்து. பெயர்களில் பெரும்பாலும் வராது. ஆகவே உங்கள் கவலையில் மூன்றில் ஒன்று குறைந்தது.

உச்சியிலேயே தொடங்கினால், மேல் பாதி பெட்டியாக மூடிவிடும். அது பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் பாம்பைக் குறிக்கும் "மி".

இப்போது உங்கள் தாத்தாக்கள். மூடிய எழுத்து இயல்பாகவே மி. திறந்த எழுத்துக்கும் பெயர்களில் மி என்ற வாசிப்பு உண்டு. அதனால் "சரி, நேர்மை" எழுத்தோடு எதைச் சேர்த்தாலும் மசாமிதான். கத்சுமி என்ற பெயரிலும் இதே இரட்டை உண்டு. உங்களுக்கு ஒரு துப்பு: மூடிய எழுத்துக்காரரின் பிறந்த ஆண்டைப் பாருங்கள். 1929, 1941 இரண்டும் பாம்பு ஆண்டுகள். அந்த ஆண்டில் பிறந்தவருக்கு அந்த எழுத்தைப் பெயரில் வைக்கும் வழக்கம் இருந்தது. எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்தினால் பிறகு மறக்கவே மறக்காது.

அடுத்த இரட்டை, உங்கள் இல்லத்தில் நிச்சயம் வரும்: மி, சுஎ. மரத்தைக் குறிக்கும் எழுத்தின் மேல் இன்னொரு படுக்கைக் கோடு. மேல்கோடு குட்டையாகவும் கீழ்க்கோடு நீளமாகவும் இருந்தால் "இன்னும் இல்லை" என்ற பொருள், வாசிப்பு மி. மிராய் (எதிர்காலம்) என்ற சொல்லின் முதல் எழுத்து. மேல்கோடு நீளமாக இருந்தால் "கடைசி", பெயரில் சுஎ. சுஎகோ, சுஎகிச்சி எல்லாம் அப்படி வந்தவை. கடைசிப் பிள்ளைக்கு வைத்த பெயர்கள். கையெழுத்தில் இரண்டு கோடுகளும் ஒரே நீளத்தில் வந்துவிடும், அப்போது வயதே வழிகாட்டி. எண்பதைக் கடந்த பாட்டியின் பெயரில் அது பெரும்பாலும் சுஎ. அவருடைய பேத்தியின் பெயரில் மி.

பிறகு நீங்கள் கேட்ட யூகோவின் முதல் எழுத்து. இதற்கு உறவினர் இருவர் இருக்கிறார்கள், மூவருக்குமே யூ என்ற ஒலி உண்டு. இடப்பக்க உறுப்பை (எழுத்தின் ஒரு பகுதியாக வரும் வடிவம்) பாருங்கள். அதன் வலப்புறம் இரண்டு சிறு கோடுகள் தெரிந்தால் ஆடை உறுப்பு; வலப்பாதியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் எழுத்து நிற்கும். இதுதான் யூகோ, ஹிரோகோ இருவருடையதும். ஒரே சிறு கோடு இருந்தால் தெய்வத்தோடு தொடர்புடைய உறுப்பு. வலப்பாதியில் "வலது" என்னும் எழுத்து. அதே "வலது" எழுத்தின் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பு நின்றால் மூன்றாவது ஆள். கடைசி இரண்டையும் பெயரின் முடிவில் சுகே என்றும் படிப்பார்கள். ஹிரோ என்று பெரும்பாலும் படிப்பது ஆடை உறுப்புள்ளதுதான். சாதாரண அச்சில் அந்த ஒற்றைக் கோட்டு வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. வலப்பாதியைப் பாருங்கள், பள்ளத்தாக்கா, வலதா? அதைப் பார்த்தால் இடப்பக்கத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

---

வடபழனி மாணவன் எழுதியது:

நான் சென்னையில் என்2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எழுத்தைப் பார்த்து ஒரு பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் அந்த எழுத்துமுறையில்தான் கோளாறு. நனோரிப் பட்டியலை உருப்போட்டுப் பார்த்தேன். "பறத்தல், சிறகு விரித்தல்" என்ற பொருளுள்ள எழுத்து பேஸ்பால் வீரர் ஓதானி ஷோஹெய் பெயரில் ஷோ. "பெரிய" என்னும் எழுத்துக்குப் பின்னால் அதே எழுத்து வரும் சிறுவர்களின் பெயர் ஹிரோதோவாம், ஹருதோவாம், யமாதோவாம், தைஷோவாம். எந்தப் பட்டியல் இதற்கு உதவும்? கல்லெழுத்து ஐயா சொல்லும் வரலாறு ஷோகன் காலத்தோடு முடிந்துவிட்டது.

---

கல்லெழுத்து எழுதியது:

தம்பி, உங்கள் எடுத்துக்காட்டு சரி, முடிவு தவறு. அந்தப் பெயரில் "தோ" எங்கிருந்து வந்தது? பறப்பதற்கு ஜப்பானிய வினை தொபு. அதன் முதல் அசையை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். "மனம்" என்னும் எழுத்தைக் கொகொரோ என்று முழுதாகப் படிக்காமல் கோகோ என்று மட்டும் படித்து கோகோஆ என்று பெண் குழந்தைக்கு வைப்பதும் இதே முறை. பழைய நனோரி பொருளிலிருந்து வந்தது. புதிய வாசிப்பு அசையை வெட்டி வந்தது. இரண்டுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழைய ஒழுங்கை வைத்துக்கொண்டு புதிய பெயரைப் படிக்க முயன்றால்தான் தடுமாற்றம். முதலில் அந்த மனிதர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

செல்வியின் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1926 டிசம்பர் இறுதியில் ஷோவா காலம் (பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்காலம்) தொடங்கியது. அந்தப் பெயரின் முதல் எழுத்து அதுவரை பெயர்களில் அரிது. அதன்பின் அகிரா, அகிகோ, ஷோஜி, அகிஓ என்று ஊரெல்லாம் பரவியது. இரண்டாவது எழுத்து கசுகோவாக வீட்டுக்கு வீடு வந்தது. 1940-ஐ முதல் பேரரசர் ஜின்மு அரியணை ஏறியதன் 2600-ஆம் ஆண்டு என்று நாடு கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டப் பெயரில் இருந்த "கி" என்னும் எழுத்து பெண்களுக்கு நொரிகோவாக வந்தது. போர்க்காலத்தில் ஆண் பிள்ளைகளுக்கு "வெற்றி" எழுத்து: மசாரு, கத்சு. அதற்கும் முந்தைய தலைமுறைப் பெண்கள் பலருக்குக் கான்ஜியே கிடையாது. உமே (பிளம் மரம்), கிகு (செவ்வந்தி), தொமே என்று கதகானாவில் (ஒலியை மட்டும் குறிக்கும் எழுத்துமுறை) இரண்டே எழுத்து. தொமே என்றால் நிறுத்து. இனிப் பிள்ளை வேண்டாம் என்று நினைத்த வீட்டில் பிறந்தவள் அவள். அந்தப் பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமந்த பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒரு பெயரைப் பார்த்துப் பிறந்த பத்தாண்டைச் சொல்ல முடிகிற எழுத்துமுறையைக் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

---

வடபழனி மாணவன் எழுதியது:

பத்தாண்டைச் சொல்கிறது, ஒலியைச் சொல்லவில்லையே ஐயா. பெயர் என்பது கூப்பிடுவதற்கு.

---

ஒசாகா குமரன் எழுதியது:

தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஜப்பான் அரசே அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. கோசெகி எனப்படும் குடும்பப் பதிவேட்டில் இத்தனை காலமும் பெயரின் கான்ஜி மட்டுமே இருந்தது, வாசிப்புக்குச் சட்டப் பதிவு கிடையாது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு 2025 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவர் பெயரின் வாசிப்பும் இனிக் கோசெகியில் ஏறும். உள்ளாட்சி அலுவலகங்கள் "உங்கள் பெயரை இப்படித்தான் படிக்கிறோம்" என்று வீடுகளுக்கு அறிவிப்பு அனுப்பின. தவறாக இருந்தால் திருத்த ஓராண்டு அவகாசம். ஒன்றும் சொல்லாவிட்டால் அறிவிப்பில் உள்ளதே பதிவாகும்.

செல்வி, உங்கள் இல்லத்து முதியவர்களுக்கும் அந்த அறிவிப்பு வந்திருக்கும். குடும்பத்தாரிடம் கேட்டுப் பாருங்கள், சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் அது.

புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது. பெயரில் அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் வாசிப்பாக இருக்க வேண்டும். "உயரம்" என்னும் எழுத்தை எழுதிவிட்டு ஹிகுஷி (தாழ்ந்த) என்று படிக்க முடியாது. தாரோ என்று எழுதி ஜிரோ என்றோ மைக்கேல் என்றோ படிக்கவும் முடியாது. ஆனால் ஹருதோ, கோகோஆ போன்று ஏற்கெனவே பரவிவிட்டவை போகப் போவதில்லை.

---

நாகோயா அம்மா எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் ஜப்பானியர். மகனுக்கு ரென் என்று பெயர். தாமரை என்னும் எழுத்து. என் அம்மாவுக்குச் சொன்னதும் அத்தனை மகிழ்ச்சி. அடுத்த மாதம் பிறக்கப் போகும் மகளுக்கு ரின் என்று வைக்க எண்ணியிருக்கிறோம். "குளிர்ச்சியான மிடுக்கு" என்ற எழுத்து. கணவர் எழுதிக் காட்டியதும் மாமியார் எழுதிக் காட்டியதும் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் வேறாக இருக்கின்றன. எது சரி?

---

தூரிகை எழுதியது:

வாழ்த்துகள்! இரண்டுமே சரி. இரண்டுக்கும் இடப்பக்கம் பனிக்கட்டி உறுப்பு, இரண்டு சிறு கோடுகள். வலப்பக்கத்தின் கீழே நெற்பயிரைக் குறிக்கும் வடிவம் (மேலே ஒரு சாய்கோடு, பிறகு மரம்) இருந்தால் அது பழைய வடிவம். 1990-இல் பெயர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. கீழே "காண்பித்தல்" என்னும் எழுத்து (மேலே இரண்டு படுக்கைக் கோடுகள்) இருந்தால் அது 2004-இல் சேர்ந்தது. பொருள் ஒன்று, ஒலி ஒன்று. ஆனால் கோசெகியில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். பிறப்புப் பதிவில் எதை எழுதிக் கொடுக்கிறீர்களோ அதுதான் அவளுடைய எழுத்து. மாமியார் பாராட்டும் வடிவத்தைப் பின்னால் எல்லா அலுவலகத்திலும் எழுதப் போகிறவள் மகள்; ஆகவே குடும்பமாக உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மகனின் எழுத்திலும் கவனம் தேவை. மேலே புல் உறுப்பு இருந்தால்தான் தாமரை. புல் இல்லாவிட்டால் "தொடர்தல்". இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் வந்தால் "சிற்றலை". அதையும் ரென் என்றே படித்துப் பெயராக வைக்கிறார்கள்.

---

கல்லெழுத்து எழுதியது:

நாகோயா அம்மாவுக்கு ஒரு கூடுதல் செய்தி. எந்தக் கான்ஜியை வேண்டுமானாலும் குழந்தைக்கு வைத்துவிட முடியாது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 எழுத்துகள், பெயர்களுக்கென்ற தனிப் பட்டியலில் 863. இவற்றோடு ஒலியெழுத்துகளான ஹிரகானா, கதகானா. 1951-இல் அந்தத் தனிப் பட்டியல் வெறும் 92 எழுத்துகளோடு தொடங்கியது. பெற்றோர் கேட்கக் கேட்க வளர்ந்தது. 2004-இல்தான் பெரும் பாய்ச்சல். பட்டியலில் இருப்பதாலேயே எதுவும் ஆகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 1993-இல் டோக்கியோவின் அகிஷிமா நகரில் ஒரு குழந்தைக்கு அகுமா (பிசாசு) என்று பதிவு செய்ய முயன்றபோது இரண்டு எழுத்துகளுமே அனுமதிக்கப்பட்டவைதான். நகர அலுவலகம் மறுத்தது, நாடே விவாதித்தது. குழந்தையின் பக்கம் நின்ற அந்த அலுவலகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

---

வடபழனி மாணவன் எழுதியது:

தூரிகை அக்கா, இன்னும் இரண்டு மூன்று இரட்டைகள் சொல்லுங்கள். ஒலி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வடிவங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

---

தூரிகை எழுதியது:

சரி, எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். சுபரு. மேலே சூரியன், கீழே இரண்டு பாதியாகப் பிரிந்த வடிவம். கீழ் இடப்பாதியில் கூடுதலாக ஒரு சாய்கோடு இருந்தால் மொத்தம் ஒன்பது கோடு, அது சுபரு: வானத்தில் நாம் கார்த்திகை, ஆறுமீன் என்கிறோமே, அதே விண்மீன் கூட்டம். அதே பெயருள்ள கார் நிறுவனத்தின் சின்னத்தில் ஆறு விண்மீன்கள் இருப்பதும் அதனால்தான். அந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் எட்டுக் கோடு, "உயர்ந்தெழுதல்" என்ற பொருள்; கோ, தகாஷி, அகிரா என்று படிப்பார்கள். திரையில் சிறிய எழுத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

தோருவும் கியோவும்: மேல்பகுதி இரண்டிலும் ஒன்று, மூடி, அதன் கீழே சிறு பெட்டி. அடியில் "பிள்ளை" எழுத்து இருந்தால் "துய்த்தல்", ஒலி கியோ. அந்தப் பிள்ளைக்குக் குறுக்குக் கோடு இல்லாவிட்டால் "தடையின்றிச் செல்லுதல்". ஆண்களின் பெயரில் பெரும்பாலும் தோரு.

ஓ என்று முடியும் ஆண் பெயர்களில் ஒன்று "கணவன்" எழுத்து. நடுக் கோடு மேல் படுக்கைக் கோட்டைத் துளைத்து வெளியே தலை நீட்டும். நீட்டாவிட்டால் அது "வானம்".

கடைசியாகப் புள்ளி. ஹிரோஷியின் ஓர் எழுத்துக்கு (அகன்ற அறிவு) வலப்பக்க மேல் மூலையில் புள்ளி உண்டு. மெகுமியின் எழுத்துக்கு (அருள்) மேல்பகுதி ஏறக்குறைய அதே வடிவம், புள்ளி மட்டும் இல்லை. பள்ளியில் சொல்லித்தரும் வழி இது: சீன வழி ஒலி ஹ, ப வரிசையில் தொடங்கினால் புள்ளி, இல்லாவிட்டால் புள்ளி இல்லை. ஹிரோஷி எழுத்துக்கு அந்த ஒலி ஹகு, ஆகவே புள்ளி. மெகுமி எழுத்துக்கு கெய், ஆகவே இல்லை. மிஹோ, கஹோ போன்ற பெண் பெயர்களில் வரும் நெற்கதிர் எழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஹோ என்பது அதன் ஜப்பானிய வழி ஒலி. சீன வழி ஒலி சுய். புள்ளி கிடையாது.

---

ஒசாகா குமரன் எழுதியது:

குடும்பப் பெயரிலும் இந்தக் கூத்து உண்டு என்பதற்காக ஒரு துணுக்கு. 2010-இல் பிரதமரான கான் நவோதோ, 2020-இல் பிரதமரான சுகா யொஷிஹிதே. இருவரின் குடும்பப் பெயரும் ஒரே எழுத்து, மேலே புல் உறுப்பு. புல்லுக்குப் பதில் மூங்கில் உறுப்பு வந்தால் அது "குழாய்"; அந்த எழுத்தைப் போட்டு அனுப்பினால் வாங்குபவர் முகம் சுருங்கும். ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரர் ஹபு யொஷிஹருவும் பனிச்சறுக்கு வீரர் ஹன்யு யுசுருவும் அதே போல ஒரே எழுத்துக்காரர்கள்.

---

சைத்தாமா செல்வி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூடிய எழுத்துள்ள மசாமி தாத்தா 1941-இல் பிறந்தவர்தான்! கேட்டதும் அவரே பாம்பு ஆண்டைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசத் தொடங்கிவிட்டார்.

இன்னும் ஒன்றே ஒன்று. மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது "எந்தக் கான்ஜி?" என்று கேட்கிறார்கள். எழுத்தைக் காட்ட வழியில்லை. எப்படிச் சொல்வது?

---

தூரிகை எழுதியது:

அந்த எழுத்து வரும் எல்லோருக்கும் தெரிந்த சொல்லைச் சொல்வார்கள், அல்லது உறுப்புகளைப் பிரித்துச் சொல்வார்கள். உங்களுக்குத் தேவைப்படுபவை இவை:

மூடிய மி: "ஹெபிதோஷி நோ மி" (பாம்பு ஆண்டின் மி). திறந்தது: "ஜிகோ நோ கோ" (தன்னைக் குறிக்கும் ஜிகோ என்ற சொல்லின் கோ).
சுஎகோவின் சுஎ: "ஷூமாத்சு நோ மாத்சு" (வார இறுதி என்ற சொல்லில் வருவது). மி: "மிராய் நோ மி".
யூகோ, ஹிரோகோ இருவருக்கும்: "கொரொமொஹென் நி தனி" (ஆடை உறுப்பு, பள்ளத்தாக்கு). தெய்வ உறுப்புள்ளது: "ஷிமேசுஹென் நி மிகி". மனித உறுப்புள்ளது: "நின்பென் நி மிகி".
அகிகோ, அகிரா: "ஷோவா நோ ஷோ". கசுகோ: "ஹெய்வா நோ வா".

தகாஹஷி என்ற குடும்பப் பெயர் வந்தால் அவர்களே "ஹஷிகோதகாவா?" என்று கேட்பார்கள். "உயரம்" எழுத்தின் நடுவில் வாய் போன்ற பெட்டிக்குப் பதிலாக ஏணி போல் இரண்டு படிகள் இருக்கும் வடிவம் அது. பழைய கணினிகளில் அந்த ஏணி வடிவம் இல்லாததால் மருந்துச் சீட்டில் சாதாரண வடிவமே அச்சாகும். காப்பீட்டு ஆவணத்தில் ஏணி இருந்து சீட்டில் இல்லாவிட்டால் பதறாதீர்கள். பிறந்த தேதியைச் சேர்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர்களும் சரிபார்ப்பார்கள்.